உட்காருமுன் ஓடட்டும் குழந்தை

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் கழிந்தபின், ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்பில் போய் நின்று, உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதுவதைப் பாராமல், எதிரே பாயில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுள் யாதேனும் ஒன்றை மாத்திரம் கால் மணி நேரம் ஊன்றிக் கவனிப்பவர்க்கு, நம் கல்வி எந்த இடத்தில் அவசரப்படுகிறது என்பது பிரத்தியட்சமாக விளங்கிவிடும். குழந்தை முதலில் நிமிர்ந்துதான் உட்காருகிறது. இரண்டு நிமிஷம் ஆவதற்குள் முதுகு வளைகிறது. பிறகு இடக்கை தரையில் ஊன்றப்படுகிறது. ஒரு கால் மடங்கி உடம்பின் கீழே போகிறது. சற்று நேரத்தில் மோவாய் நோட்டின் மேல் வந்து சேருகிறது. நோட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடக்கை, உடம்பு சாய்ந்துவிடாமல் முட்டுக்கொடுப்பதிலேயே முனைந்திருப்பதால் நோட்டு நழுவுகிறது. அதில் எழுதப்படும் 'அ'வும் கோட்டை விட்டு நழுவுகிறது. பென்சிலை விரல் நுனியால் பிடிக்காமல் முஷ்டியால் பிடித்து, மணிக்கட்டை அசைக்கத் தெரியாமல் தோளையே அசைத்து எழுதிக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தையின் காதில் அப்போது விழுகிற சொல் ஒன்றுதான்: "நேரா உக்காரு."

அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எண்ணம் குழந்தைக்கு இல்லாமலில்லை. கீழ்ப்படியும் சக்திதான் அதன் சரீரத்தில் இன்னும் வந்து சேரவில்லை. மனிதக் குழந்தையின் வளர்ச்சி தலையிலிருந்து கீழ்நோக்கியும், உடம்பின் நடுவிலிருந்து விரல் நுனியை நோக்கியும் செல்கிறது. கழுத்து நின்ற பிறகே முதுகு நிற்கும். முதுகும் வயிறும் உறுதிப்பட்ட பிறகே தோள் நிலைபெறும். தோள் நிலைபெற்ற பிறகே மணிக்கட்டும் விரல்களும் தனித்தனியே தம் காரியத்தைச் செய்யும் சுதந்திரத்தை அடையும். அரை மணி நேரம் அசையாமல் அமர்ந்து ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்துவது பெரியவர்களாகிய நமக்கு ஓய்வாகத் தோன்றினாலும், ஐந்து வயதுக் குழந்தையின் தசைகளுக்கு அது கடும் உழைப்பே ஆகும். அந்த உழைப்புக்கு வேண்டிய பலத்தைக் குழந்தை உட்கார்ந்து சம்பாதிப்பதில்லை. ஓடியும் ஏறியும் குதித்தும் உருண்டும் தொங்கியும் சுழன்றும் சம்பாதிக்கிறது. உட்செவியில் உள்ள அரைவட்டக் குழாய்கள், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்ற செய்தியை மூளைக்கு இடைவிடாமல் அனுப்புகின்றன. மூட்டுகளும் தசைகளும், கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பாராமலே தெரிவிக்கின்றன. இந்த இரண்டு செய்திகளும் போதிய அளவு பழகிய குழந்தைக்குத் தன் உடம்பைப் பற்றிய கவலை ஒழிந்துவிடுவதால், அதன் கவனம் முழுவதும் எழுத்துக்குக் கிடைக்கிறது. பழகாத குழந்தையோ, கீழே சாயாமல் இருப்பதற்கே தன் கவனத்தில் பாதியைச் செலவிட்டுவிடுகிறது.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை இந்த ஆயத்தம் இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கிறது. 'இ'யையும் 'ஞ'வையும் 'ணை'யையும் ஒருமுறை மெதுவாக எழுதிப் பார்ப்பவர்க்கு, கையைத் தூக்காமலே எத்தனை முறை திசை மாற வேண்டியிருக்கிறது, சுழியை எங்கே தொடங்கி எங்கே அடக்க வேண்டியிருக்கிறது என்பது தெரியும். இந்தப் பகுதியின் முஸ்லிம் குழந்தைகளுக்கோ வேறொரு பொறுப்பும் உண்டு. அதிகாலையில் மதரஸாவில் வலமிருந்து இடமாக ஓதிவிட்டு, அதே நாளில் பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும் படிக்கும் பாலர்கள் ஆம்பூர், மேல்விஷாரம், வாணியம்பாடி வீதிகளில் ஏராளம். இடம், வலம் என்பவற்றைத் தம் உடம்பிலேயே திடமாக உணர்ந்த குழந்தைகள் இதை அநாயாசமாகச் செய்துவிடுகின்றனர். உணராத குழந்தைகள் இரண்டு வரிசைக்கும் நடுவே தடுமாறுகின்றனர். வலக்கையால் இடமுழங்காலைத் தொட்டும், இடக்கையால் வலத்தோளைத் தட்டியும், வட்டத்தில் வலம்வந்து சட்டென்று இடம் திரும்பியும் ஆடுகிற கும்மியும் கோலாட்டமும் அந்த உணர்வைச் சரீரத்தில் பதிக்கத்தக்க சாதனங்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆயத்தமின்றி நுட்பமான காரியத்தை ஒருவர் கையில் கொடுக்கலாகாது என்பதைத் தோல் தொழிலில் வாழும் இப்பகுதி மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஷூ கம்பெனியில் ஓர் இளம்பெண் வேலைக்குச் சேர்ந்தால், அன்றைக்கே அவளைத் தையல் மெஷினில் உட்கார வைத்து ஏற்றுமதிக்குரிய ஷூவின் மேற்பகுதியாகிய அப்பரை அவளிடம் ஒப்படைப்பவர் எவருமில்லை. முதலில் ஹெல்பராக நிற்கிறாள், பசை தடவுகிறாள், ஓரம் மடிக்கிறாள், நூற்பிசிறு வெட்டுகிறாள், துண்டுத் தோலில் கோடு பிடித்துத் தைத்துத் தைத்துக் கையும் காலும் கண்ணும் ஒன்றுபட்ட பிறகே மெஷின் அவளுக்கு வருகிறது. வளர்ந்த பெண்ணுக்குத் தரப்படும் இந்தப் பொறுமை அவளுடைய மூன்று வயதுக் குழந்தைக்குத் தரப்படுவதில்லை. பால்வாடிக்குப் போன மூன்றாம் மாதமே, "டீச்சர், பேரு எழுதக் கத்துக்கிட்டானா?" என்று தாயே கேட்கிறாள், கேட்கும்படியாகச் சூழ்நிலை அவளை ஆக்கியிருக்கிறது.

வேலூர் வேறொரு வகையிலும் இந்த உண்மையை அறிந்த ஊர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை வளர்ந்து உருவான கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போன கைகளில், பலமாக இருந்த தசைநாரை வேறிடத்துக்கு மாற்றிப் பொருத்தி, விரல்கள் மீண்டும் நீளவும் மடங்கவும் வழி செய்தார். உலகம் அந்த அறுவைச் சிகிச்சையைப் புகழ்ந்தது. ஆனால் அறுவையோடு காரியம் முடிந்துவிடவில்லை. புதிய பாதையில் இழுக்க வேண்டிய தசைக்கு அதன் புதிய கடமையைக் கற்பிக்க, நாள்தோறும் பொறுமையான அப்பியாசம் தேவைப்பட்டது. கார் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் பெருமுயற்சியால் 1966-இல் பாகாயத்தில் எழுந்த மறுவாழ்வு நிலையமும், சரீரம் அசைவின் மூலமே மறுபடியும் கற்கிறது என்ற அதே தத்துவத்தின்மேல் நிற்கிறது. இன்று வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கென்று நடத்தப்படும் ஆக்குபேஷனல் தெரபி அறை எதனுள்ளே சென்று பார்த்தாலும், அங்கே முதலில் கண்ணில் படுவன ஊஞ்சலும், பெரிய பந்தும், உருளுவதற்குப் பாயும், ஏறுவதற்குப் படியும், மணல் நிறைந்த தட்டுமே. பென்சில் மேஜை ஒரு மூலையில் இருக்கும். நோயுற்ற குழந்தைக்கு மருந்தாகத் தருவதை நோயில்லாத குழந்தைக்கு அன்றாட உணவாகத் தர நாம் ஏன் தயங்குகிறோம்?

இந்தக் கேள்வி தமிழ்நாடு முழுவதற்கும் உரியதே. ஆயினும் பாலாற்றங்கரையில் அதற்குத் தனிப்பட்ட அவசரம் ஒன்று உண்டு. பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தின் கீழும், வாலாஜாவும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்தின் கீழும் போயின. வாழ்க்கை முறை பிரியவில்லை. பொழுது விடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் கம்பெனி பஸ் கிராமத்து முனையில் வந்து நிற்கிறது. குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே தாய் புறப்பட்டுவிடுகிறாள். குழந்தை ஆயாவின் கையில் வளர்கிறது. முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் உடைய அந்த ஆயா, லாரியும் பைக்கும் ஓயாது ஓடும் தெருவில் பேரக் குழந்தையை விளையாட விடத் துணிவதில்லை. துணியாததற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. கம்பெனிக்குப் போகாத பெண்களிலும் பலர், தரகர் கொண்டுவந்து போடும் அப்பர்களை வீட்டுத் தரையில் அமர்ந்து கையால் தைக்கிறார்கள். வேலூரிலும் குடியாத்தத்திலும் எத்தனையோ வீடுகளில் பீடி சுற்றும் முறம் மடியில் இருக்கிறது. ஊசியும் பசையும் கத்திரியும் கிடக்கும் ஒற்றை அறையில் குழந்தை ஓடினால் ஆபத்து என்பதால், "ஒரு எடத்துல உக்காரு" என்ற கட்டளை பள்ளிக்கூடத்துக்கு முன்னமே வீட்டில் பிறந்துவிடுகிறது. உட்கார வைப்பதற்குச் சுலபமான உபாயமாக இப்போது செல்போன் வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிஷமாவது உடலை அசைத்து ஆடியோட வேண்டும், அதில் 60 நிமிஷம் நன்கு மூச்சு வாங்கும்படியாக இருக்க வேண்டும், திரையின் முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நெறிமுறை வகுத்தது. கதவடைத்த ஒரு வீட்டில் அந்த 180 நிமிஷத்துக்கு இடம் எங்கே?

இடம் ஒரு காலத்தில் இருந்தது. பாலாற்று மணல் பிள்ளைகளுக்குப் பொதுச் சொத்தாக இருந்தது. ஆற்றில் நீர் ஓடாத மாதங்களில் ஊரின் மிகப்பெரிய விளையாட்டு மைதானம் அதுவே. கிட்டிப்புள்ளும் பச்சைக் குதிரையும் ஆடுவதற்கு அதைவிடச் சிறந்த தரை கிடையாது, விழுந்தால் அடிபடாது, மணலில் ஓடும் கால் கட்டாந்தரையில் ஓடும் காலைவிட அதிகமாக உழைத்து உறுதிபெறும். தோல் தொழிற்சாலைக் கழிவும் மணற்கொள்ளையும் அந்த ஆற்றை என்ன செய்தன என்பதை வாசகர் அறிவர். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய பெருந்தீர்ப்பு. அதன் வழியே பாழான விளைநிலங்களுக்கு ஈட்டுத்தொகை கணக்கிடப்பட்டது. பிள்ளைகள் இழந்த மணலுக்குக் கணக்கு எழுதியவர் இல்லை. அந்தக் கணக்கை இப்போதாவது எழுத வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையில் அதை எடுத்துச் சொல்கிறேன்.

சரீரத்தையும் வித்தையையும் வேறு வேறாகப் பிரித்து வைத்த சம்பிரதாயம் நம்முடையது அன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஓலையைத் தொடுவதற்கு வெகுநாள் முன்பு, மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதியது. முழங்கையும் தோளும் சேர்ந்து அசையப் பெரிதாக எழுதி, அழித்து, மறுபடியும் எழுதி, எழுத்தின் வடிவத்தைக் கை முழுவதிலும் ஏற்றிக்கொண்ட பிறகே அது எழுத்தாணியைப் பிடித்தது. 1787-இல் சென்னைக்கு வந்து எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் கல்வியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் கைக்கொண்டு, 1797-இல் லண்டனில் நூலாகவும் எழுதி வெளியிட்டார். சட்டாம்பிள்ளையைக் கொண்டு பாடம் நடத்தும் முறை அவர் பெயரால் இங்கிலாந்து முழுவதும் பரவியது. மணலின் அருமையை ஆங்கிலேயரும் மறந்தார்கள், நாமும் மறந்தோம். ஆயினும் பழைய வழக்கத்தின் மிச்சம் இன்னும் நம் கண்ணெதிரே இருக்கிறது. ஆம்பூர் மசூதித் தெருவில் விடியற்காலையில் நடந்து செல்பவர், குழந்தைகள் வரிசையாக அமர்ந்து முன்னும் பின்னும் அசைந்தசைந்து குர்ஆன் ஓதுவதைக் காணலாம். வேத பாடசாலையில் சுவரம் ஏறும்போது தலை ஏறவும், இறங்கும்போது தலை தாழவும் மாணாக்கன் அத்தியயனம் செய்வதைக் காணலாம். ஓதுவோர் மரபு எதுவாயினும், நாவுக்குத் துணையாக உடம்பையும் அது அழைத்துக்கொண்டது. அசையாமல் இருப்பதே அடக்கம், அடக்கமே படிப்பு என்ற விதியை நாம் எங்கிருந்தோ பின்னாளில் பெற்றுக்கொண்டோம்.

மேனாட்டாருள்ளும் அந்த விதியை எதிர்த்தவர் உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரத்து சான் லோரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது, அங்கு வந்தவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். தாயும் தந்தையும் கூலி வேலைக்குப் போய்விட, குடியிருப்பில் கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளே. இன்றைய ஆம்பூருக்கும் அந்தக் குடியிருப்புக்கும் உள்ள ஒற்றுமை என் உள்ளத்தைத் தொடுகிறது. 1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் அடையாற்றுக்கு வந்த அவர், மகா யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் பள்ளி நடத்தி, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். தரையில் வரைந்த கோட்டின்மேல் அடி பிசகாமல் நடப்பது, தளும்பாமல் தண்ணீரை ஏந்திச் செல்வது, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவுவது ஆகிய இவையெல்லாம் அவருடைய பள்ளியில் எழுத்துக்கு முந்திய பாடங்கள். இன்று மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை தாங்கிய பள்ளிகள் பலவற்றில், மூன்று வயதுக் குழந்தைகள் பெஞ்சில் அமர்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குழந்தைகளின் அசைவுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தவுடன் அதை விற்பனைப் பண்டமாக்குவோரும் தோன்றிவிட்டனர். மார்பெலும்பின் அருகே தடவினால் மூளைக்கு இரத்தம் பாயும், குறிப்பிட்ட சில அசைவுகளால் வலமூளையும் இடமூளையும் இணைந்துவிடும் என்று கூறி, அமெரிக்காவில் புறப்பட்டு உலகெங்கும் பரவிய 'பிரெயின் ஜிம்' என்ற பயிற்சி முறையை ஆராய்ந்த அறிஞர்கள், அந்தக் கூற்றுகளுக்குத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நம்முடைய தோப்புக்கரணமே அயல்நாட்டுக்குப் போய், 'சூப்பர் பிரெயின் யோகா' என்ற பெயருடன் திரும்பி வந்திருக்கிறது. தோப்புக்கரணத்தால் காலும் இடுப்பும் வலுப்பெறும், சமநிலை தேறும், ஒரு குழந்தைக்கு அந்த லாபம் போதாதா? காதுமடலைப் பிடித்தால் புத்தி பெருகும் என்று சொல்லித்தான் அதைச் செய்விக்க வேண்டுமா? கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் மூளை வகுப்புகளுக்கு, கூலி வேலை செய்யும் பெற்றோர் தம் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்னைக் கவலையுறச் செய்கிறது. பாண்டியும் நொண்டியும் தட்டாமாலையும் கல்லாங்காயும் செய்யாத எதையும் அந்த வகுப்புகள் செய்துவிடப் போவதில்லை. தோப்புக்கரணத்தையும் ஓட்டத்தையும் தண்டனையாகக் கொடுக்கும் வழக்கமும் அடியோடு ஒழிய வேண்டும். தண்டனையாகக் கிடைத்த அப்பியாசத்தை எந்தக் குழந்தையும் பின்னர் ஆசையோடு தேடாது.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. இப்பகுதியின் ஒவ்வொரு அங்கன்வாடியிலும், ஒவ்வோர் ஆரம்பப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளிலும், நாளின் முதல் அரை மணி நேரம் பாலர்களின் சரீரத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். பாடம் முடிக்கவில்லை, ஆய்வாளர் வருகிறார், ஆன்லைனில் பதிவேற்ற வேண்டும் என்ற எந்தக் காரணத்தாலும் அது பறிக்கப்படலாகாது. மேல்வகுப்புப் பிள்ளைகளின் டிரில்லைப்போல் கையைத் தூக்கு, இறக்கு என்று எண்ணிக்கை சொல்லி நடத்துவது இதற்குப் பொருந்தாது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு வளைகோடு வரைந்தால் போதும். முதல் வாரத்தில் குழந்தைகள் அதன்மேல் சாதாரணமாக நடக்கட்டும். அடுத்த வாரம் குதிகாலும் நுனிக்காலும் ஒட்ட அடிமேல் அடி வைத்து நடக்கட்டும். பிறகு பாதி நிரம்பிய டம்ளரை ஏந்தி நடக்கட்டும். நாக்கை வெளியே நீட்டி, மூச்சையும் அடக்கிக்கொண்டு, நீரையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி ஒரு நாலு வயதுக் குழந்தை அந்தக் கோட்டைக் கடப்பதைப் பார்த்தவர், கவனம் என்பது எப்படிப் பயிலப்படுகிறது என்பதற்கு வேறு சாட்சி கேட்கமாட்டார். அதன்பின் கரடியைப்போல் நாலு காலில் நடக்கச் சொல்லலாம். தோளும் மணிக்கட்டும் உடம்பின் பாரத்தைத் தாங்கும்போது பெறுகிற உறுதியே நாளைக்குப் பென்சிலைத் தாங்கும் உறுதி. தவளையாகத் தாவலாம், பாயில் உருளலாம், பழைய டயரை வேப்பமரக் கிளையில் கட்டிவிட்டால் தொங்கலாம், ஆடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தவுடன் சிலையாக நிற்கும் ஆட்டம் எல்லாவற்றிலும் உயர்ந்தது. ஓட வேண்டும் என்ற உந்துதலைத் தானே தடுத்து நிறுத்தும் ஆற்றலை அது வளர்க்கிறது, வகுப்பில் உபாத்தியாயர் நாள்முழுதும் எதிர்பார்க்கும் ஆற்றலும் அதுவே. கடைசி ஐந்து நிமிஷம் தட்டில் பரப்பிய மணலிலோ கேழ்வரகிலோ விரலால் பெரிது பெரிதாகச் சுழி போடட்டும்.

அரசாங்கத்தின் ஏடுகளில் இதற்கு விரோதமாக எதுவும் இல்லை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நோக்கங்களிலேயே உடல் வளர்ச்சியும் உள வளர்ச்சியும் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நம் மாநிலத்து அங்கன்வாடிகளுக்கான பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த வித்யா பிரவேஷ், முதல் வகுப்பின் முதல் மூன்று மாதத்தை விளையாட்டு வழியான ஆயத்தத்துக்கு ஒதுக்குகிறது. தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' பாடலையும் ஆடலையும் வகுப்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. குறை ஏட்டில் இல்லை. இரண்டு வாடகை அறைகளில் நடக்கும் அங்கன்வாடியில் ஒன்று சமையலுக்கும் சாமான்களுக்கும் போய்விட, மிஞ்சிய அறையில் இருபது குழந்தைகள் உருளுவதற்கு இடமில்லை. கணக்கும் பதிவேடும் எடையும் ஊட்டச்சத்து மாவும் செல்போன் பதிவும் என்று பணிகள் குவிந்த டீச்சருக்கு நேரமில்லை. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியபோது ஏழைக் குழந்தைகளுக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். ஆனால் தனியார் நர்சரிகளின் எழுத்து அவசரமும் அதனுடன் சேர்ந்து வந்துவிடக் கூடாது.

பெற்றோர் ஒப்பமாட்டார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. தாம் படிக்க இயலாமல் போன படிப்பைப் பிள்ளையின் நோட்டில் காண விரும்பும் ஒரு தாயின் தாபத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அவருக்கு வாயால் விளக்குவதைவிடக் கண்ணால் காட்டுவது மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்மாரை அழைத்து, குழந்தை ஒற்றைக் காலில் எத்தனை விநாடி நிற்கிறது, எவ்வளவு நேரம் முதுகு வளையாமல் அமர்கிறது என்பதை ஜூன் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் பார்க்கச் செய்தால், மெஷினில் கைத்தேர்ச்சியின் அருமை அறிந்த அந்தத் தாய்மார் எளிதில் தெரிந்துகொள்வார்கள். வெயிலைப் பற்றிச் சொல்வோரின் ஆட்சேபம் இன்னும் நியாயமானது. வேலூர் வெயில் உலகறிந்தது. அதனால்தான் நாளின் முதல் அரை மணி நேரம் என்று சொன்னேன்; அதுவும் கூரையின் கீழோ மரநிழலிலோ.

அசைவு எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். பசித்த குழந்தை ஆடாது, ஆடினாலும் பயனில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இல்லையேல் இந்தக் கட்டுரையே அர்த்தமற்றதாகியிருக்கும். குடல் தொற்றும் ஊட்டக்குறைவும் குழந்தைகளின் வளர்ச்சியையும் அறிவையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை எட்டு நாடுகளில் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்த 'மால்-எட்' ஆய்வில், இந்தியாவுக்கு உரிய களமாக இருந்தது வேலூர் நகரத்து ஏழைக் குடியிருப்புகளே. குடிநீர், கழிப்பிடம், உணவு இவை அடித்தளம். கற்பதில் பெருந்தடை உள்ள குழந்தைக்கு வைத்தியரின் உதவியே வேண்டும். கோட்டில் நடந்தால் போதும் என்று அதைத் தாமதப்படுத்துவது பாவம். ஆனால் வயிறு நிறைந்து, நோயின்றி இருந்தும், ஆட இடமில்லாத காரணத்தால் மாத்திரம் வகுப்பில் பின்தங்கும் குழந்தைகள் இப்பகுதியில் பலர், அவர்களுக்காகவே பேசுகிறேன்.

தோல் கம்பெனிகளுக்கும் இதில் கடமை உண்டு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு கூறியது. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம் எதுவாயினும் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று பார்க்க இடமளிக்க வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம் கூறியது. காப்பகம் என்றால் தொட்டிலும் பால் புட்டியும் உள்ள அறை என்றே பலரும் கருதுகின்றனர். மூன்று வயதுக் குழந்தைக்குத் தொட்டிலால் பயனில்லை. தரை வேண்டும், ஏறுவதற்கு நாலு படி வேண்டும், ஒரு வண்டி மணல் வேண்டும். ஐரோப்பிய வியாபாரிகளின் பிரதிநிதிகள் தணிக்கைக்கு வரும்போது தீயணைப்புக் கருவியையும் அவசர வழியையும் அளந்து பார்ப்பதைப்போல், காப்பகத்தின் தரையையும் அளந்து பார்க்கும்படி அந்தப் பெண்களின் சங்கங்கள் கேட்க வேண்டும்.

இடமில்லாத அங்கன்வாடிகளுக்கு, காலை ஒன்பது மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும் கல்யாண மண்டபங்களும், மசூதிகளின் முற்றங்களும், தேவாலய வளாகங்களும், கோயில் மண்டபங்களும் அரை மணி நேரத்துக்குத் திறந்துவிடப்படலாம். ஜமாஅத்தாரும் தர்மகர்த்தாக்களும் சபையாரும் கேட்டால் மறுக்கக்கூடியவர்கள் அல்லர் என்பது இந்த ஊர்களின் சுபாவத்தை அறிந்த என் நம்பிக்கை. பயிற்சிக்கும் வெளியூரிலிருந்து நிபுணர்களை வரவழைக்க வேண்டியதில்லை. பாகாயத்தில் உள்ள தெரபிஸ்டுகளும், ராணிப்பேட்டையில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்தாரும், ஓய்வுபெற்ற இரண்டு மூன்று உடற்பயிற்சி ஆசிரியர்களும், அனுபவம் முதிர்ந்த பால்வாடி டீச்சர் நால்வரும் ஒரு கோடை விடுமுறையில் கூடி அமர்ந்தால், ஜூன் முதல் மார்ச்சு வரை வாரந்தோறும் என்ன ஆட்டம், எவ்வளவு நேரம், ஆட இயலாத குழந்தைக்கு என்ன மாற்று என்பதைப் படங்களுடன் முப்பது பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். தமிழிலும் உருதுவிலும் அச்சிட்டு அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் அதை அனுப்பி வைக்கும்படி, ஆயாமாரும் பார்த்துச் செய்விக்கும் வண்ணம் எழுத்தைக் குறைத்துப் படத்தை மிகுதியாக்கும்படி, மூன்று மாவட்டங்களின் ஆட்சியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.